சொட்டு சொட்டா விடுற வேலை

…அதத்தான்க்கா நானும் கேக்குறேன், இந்த மண்ணு டெஸ்ட் பண்ற லேப்ல தப்பு நடந்தா எல்லாம் என் தலையிலயா? போன வாரம் அமிலத்துல தண்ணிய ஊத்துனது யாரு? பக்கத்து மேசை நெட்டக்கொக்கு! தண்ணியிலதான் அமிலத்த விடணும், மாத்தி ஊத்துனா மூஞ்சிக்கே தெறிக்கும். நல்ல வேளை, மூஞ்சி தப்பிச்சுது, சட்டைதான் சல்லடை! எங்க லேப் மேடம் அவன ஒரு வார்த்த கேட்டாங்களா? ம்ஹும். நான் வாயத் தொறந்தா மட்டும், "பேச்சக் கொறைம்மா." இன்னொருத்தர் மண்ணக் கெடுத்தேன்னா இந்த மேசையே கெடையாதாம், குடோன்ல மூட்ட அடுக்கப் போகணுமாம். குடோன்லக்கா! அங்க யார்கிட்ட பேசுவேன், மூட்டகிட்டயா?

உக்காருங்க… அய்ய, அந்த ஸ்டூல் வேணாம், ஆடும். இது உங்க செடி நர்சரி மண்ணுதானே? கன்னங்கரேல்னு என்ன அழகு! எலயும் தழையும் மக்கி, வாசனையே ஆளத் தூக்குது. மோந்து பாத்தேன்னு மேடம்கிட்ட சொல்லிராதீங்க, தூசி மூக்குல ஏறும்னு திட்டுவாங்க. மாஸ்க்கோடதான்க்கா மோந்தேன்!

உங்க கன்னு ஏன் வாடுதுன்னு பாக்கணும்னா, மண்ணுல மணல் எவ்ளோ, களி எவ்ளோன்னு பிரிக்கணும். அதுக்கு முன்னால இந்த மக்கு பூரா கரையணும். அதுக்குத்தான் இந்த பாட்டில்ல இருக்குற பெராக்சைடு. கண்ணாடி போட்டாச்சு, கையுறை போட்டாச்சு. பீக்கர்ல இருக்குற உங்க மண்ணுல இத சொட்டு சொட்டாதான் விடணும், தெரியுமா? நொர அடங்குனாதான் அடுத்த சொட்டு. கண்ண எடுக்கக் கூடாது. அடுப்புல பால வெச்சுட்டு நிக்கிற மாதிரி நிக்கணும்.

நெட்டக்கொக்குக்கு இதெல்லாம் எங்க வருது? ஒரு கரண்டி, அதக் கழுவவே மாட்டான்! இவரு தோட்டத்து மண்ணுல விடுவான், அப்டியே அவரு தோட்டத்து மண்ணுல விடுவான். ஒருத்தர் வீட்டு உப்பு ஊருக்கே பந்தி! வந்தவங்க எல்லாருக்கும் "உங்க நெலத்துல உப்பு ஜாஸ்தி"ன்னு சொல்லி அனுப்புனோம்க்கா! ஹஹ்ஹா… ஒருத்தர் அழுதே போயிட்டாரு, பாவம். அவருக்கு நான்தான் போன் பண்ணி… 

என்னக்கா கைய ஆட்டுறீங்க? தண்ணியா? இங்க குடிக்கக் கூடாது, வெளிய இருக்கு. தண்ணி இல்லையா? பின்ன? பீக்கரா? பீக்கருக்கு என்ன…

ஐயையோ! பாட்டில் காலி! எப்பக்கா சாய்ச்சேன்? நான் உங்களப் பாத்துப் பேசிக்கிட்டு இருக்கேன், கை பாட்டுக்கு ஊத்தியிருக்கே! தள்ளுங்க, தள்ளுங்க, கிட்ட வராதீங்க, மேல பட்டா எரியும்! யம்மா, என்னா பொங்கு பொங்குது! மேசையெல்லாம் உங்க மண்ணு… சிரிக்கக் கூடாது, சிரிப்பா வருதே!

விடுங்க, ஒண்ணும் ஆகல. உங்க கண்ணு பத்திரம், என் கையி பத்திரம். மேடம் காதுக்குப் போக வேணாம், என்ன? பையில மிச்ச மண்ணு இருக்குல்ல, அதக் குடுங்க. வாயே தொறக்காம முடிச்சுத் தர்றேன், சத்தியமா… அக்கா? பைய எடுத்துக்கிட்டு எங்க? வாசல் இந்தப் பக்கம்க்கா! அது மேடம் ரூமு… கதவத் தட்டாதீங்க… அக்கா!