இயக்குநர் திருவேங்கடத்துக்குக் கற்பூரமா, பொன்னாடையா?

வெள்ளை வேட்டியும் வெள்ளை உள்ளமுமாக விழாத் தலைமை ஏற்று வீற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வணக்கத்திற்குரிய பாஷ்யம் ஐயா அவர்களே! கந்தசாமி கோயில் மணியோசையில் கண் விழித்து, அதே மணியோசையில் கடையடைக்கும் திருப்போரூர்ப் பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற ஐயத்தோடு, அரை மனதை வீட்டிலும் அரை மனதை இங்கும் வைத்து அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! மறைமலைநகரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, முகம்கூடக் கழுவாமல் முன்வரிசைக்கு முந்தி வந்திருக்கும் தம்பிமார்களே! மாமல்லபுரக் கடற்கரையிலிருந்து வேன் பிடித்து வந்திருக்கும் மீனவ உறவுகளே! நடுநாயகமாக நாற்காலி போட்டும் நாற்காலியின் நுனியிலேயே உட்கார்ந்திருக்கும் இன்றைய விழா நாயகரே! அனைவருக்கும் இந்தச் சாரதாம்பாளின் பணிவான வணக்கம்.

நான் பேச்சாளர் அல்ல. வாசுதேவன் வீட்டுக்காரி. பள்ளிக்கூடத்தை ஐந்தாவதோடு விட்டவள். கோயில் சுவரில் எழுதியிருக்கும் பாட்டைப் படித்துப் படித்தே தமிழ் பழகியவள். நம் மகளிர் வழிபாட்டு மன்றத்தின் கணக்கை எழுதுகிறவள். எந்தச் சாமானையும் வரவா, செலவா என்று பார்த்து அந்தந்தப் பக்கத்தில் எழுதி வைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். ஆனால் இந்த மனிதரை எந்தப் பக்கம் எழுதுவது? அதுதான் தெரியவில்லை! தெரிந்துகொண்டு பேசலாம் என்று நேற்று வரை பார்த்தேன். தெரியவில்லை. தெரியாமலே ஏறிவிட்டேன்.

இதோ, என் இடப்பக்கம் மேசையில் ஒரு பொன்னாடை. வலப்பக்கம் படிக்கட்டில் நம் மன்றத்துச் சௌந்தரவல்லி அக்கா கையில் ஒரு கற்பூரத்தட்டு. அக்கா, பொறுங்கள்! தீப்பெட்டியை இடுப்பில் செருகுங்கள். நான் இன்னும் முடிவுக்கு வரவில்லை.

சற்று முன்னால் மேடைக்குப் பின்னே, தட்டி மறைவில், நம் விழா நாயகர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "யம்மா, வர்ற வழில போஸ்டர் பாத்தேன். 'கலியுகக் கந்தன் வருகிறார்'னு போட்டுகீறீங்க. நான் டைரக்டர்மா. இந்த ஒரு மேடையிலயாவது டைரக்டர்னு கூப்புடுங்க. எம் மூஞ்சிக்குக் கற்பூரம் காட்டுனா நான் எழுந்து போயிடுவேன், கோச்சுக்காதீங்க."

இதை அக்காவிடம் சொன்னேன். அக்கா சொன்னார்: "காட்டாம அனுப்புனா நமக்குதான்டி ஆவாது."

காட்டினால் இவர் போய்விடுவார். காட்டாவிட்டால் நமக்கு ஆகாது. நடுவில் நிற்கும் நான் என்ன செய்வேன், சொல்லுங்கள்!

இவர் யார்? இளைய தலைமுறைக்காகச் சொல்கிறேன். இவர் இயற்பெயர் திருவேங்கடம். மறைமலைநகர்த் தொழிற்சாலை ஒன்றில் கடைசல் பட்டறையில் நின்றவர். ஆயுத பூசைக்கு ஆயுத பூசை அங்கே நாடகம் போட்டவர். அந்த நாடகத்தைப் பார்த்த யாரோ சென்னைக்கு அழைத்துப்போக, கூட்டத்தில் ஒருவராக நின்றார், கதாநாயகனுக்குக் குடை பிடித்தார், வில்லனுக்குக் கதவு திறந்தார். தொண்ணூற்று நான்காம் ஆண்டு 'வேல் வந்த வேளை' வந்தது. அதிலே முருகன் வேடம்! பட முதலாளி பெயரையும் மாற்றினார். திருவேங்கடம் போனார், வேலழகன் வந்தார்!

வந்தாரா? வந்தாரே, அது வருகையா? அது வெள்ளம்! செங்கல்பட்டில் அந்தப் படம் ஓடிய கொட்டகையை எத்தனை பேர் பார்த்தீர்கள்? கை தூக்குங்கள். அடேயப்பா! மயில்மேல் அவர் திரையில் தோன்றியதும் எழுந்து நின்றது யார்? நாம். தேங்காய் உடைத்துத் தரையெல்லாம் வழுக்கவிட்டது யார்? நாம். செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போய், திரும்பி வந்து செருப்பைத் தேடியது யார்? அதுவும் நாம்தான்!

அந்த வருடம் பாத்திரக்கடைக்காரர் ஒருவர் காலண்டர் கொடுத்தார். மயிலும் வேலுமாக இவர் சிரிக்கிற படம். ஆண்டு முடிந்ததும் தேதித் தாளைக் கிழித்தெறிந்துவிட்டுப் படத்தைச் சட்டம் போட்டு என் பூசையறையில் மாட்டினேன். அடுத்த மழைக்காலம் என் மகள் கீர்த்தனாவுக்கு விஷக்காய்ச்சல். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணே திறக்கவில்லை. அவளை அவள் அப்பாவிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி வந்து, ஈரப் புடவையோடு நான் நின்றது எந்தப் படத்தின் முன்னால்? இவர் படத்தின் முன்னால்! காய்ச்சல் இறங்கியது. பெண் கண் திறந்தாள். இன்று அதோ, இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து, 'அம்மா என் கதையெல்லாம் எதற்கு?' என்று தலையில் அடித்துக்கொள்கிறாளே, அவள்தான்.

நமக்கு வாழ்வு வந்தது. அவருக்கு? அங்கேதான் எனக்குக் குழப்பம் தொடங்குகிறது.

'வேல் வந்த வேளை'க்கு அடுத்த படத்தில் அவர் குடிகாரக் கார் ஓட்டுநர். மனைவியைக் கை நீட்டி அடிக்கிற காட்சி. கொட்டகையில் பெண்கள் என்ன செய்தோம்? "ஐயோ முருகா, நீயா?" என்று அழுதுகொண்டே எழுந்து வந்துவிட்டோம். படம் படுத்தது. பிறகு யார் அவரை அழைப்பார்கள்? சிகரெட்டைத் தொட்டால் ஊர் அழுகிறது. கத்தியைத் தொட்டால் அது வேலாகிவிடுகிறது. கதாநாயகியின் கையைத் தொட்டால் வள்ளியா, தெய்வானையா என்று கேட்கிறார்கள்! கோயிலில் இருக்கிறவனுக்காவது மாலையில் நடை சாத்துகிறார்கள். இவருக்கு நடை சாத்தவே இல்லை, தாய்மார்களே!

ஒரு நடிகர், வயது நாற்பதை நெருங்கும்போது, தன்னைவிட இளையவரிடம் உதவி இயக்குநராகச் சேர்ந்தார். கிளாப் கட்டை பிடித்தார். வசனத்தாளைத் தூக்கிக்கொண்டு வெயிலில் ஓடினார். கேமராவுக்கு முன்னால் நின்றால்தானே கும்பிடுகிறார்கள்? பின்னால் போய் நின்றுகொண்டால்? ஓட்டம் ஓட்டமாக ஓடி, கேமராவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்!

போன வருடம் ஒருநாள் காலை, என் வீட்டு வாசலில் ஒரு வேன் நின்றது. தாம் முதன்முதலாக இயக்கப்போகும் 'எட்டாம் நம்பர் படகு' படத்துக்கு வீடு பார்க்கக் குழுவோடு வந்திருந்தார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குழுவினருக்கு இட்லி, வடை, சாம்பார். இவருக்கு மட்டும் மணை போட்டு, வெள்ளித் தம்ளரில் பாலும், தட்டில் பழமும் வைத்தேன்.

பாலைப் பார்த்தார். பக்கத்து இலையில் இருந்த வடையைப் பார்த்தார். "யம்மா, நாஸ்தாகூடத் துண்ணாம வண்டி ஏறிட்டேன். எனக்கும் ரெண்டு இட்லி போடும்மா" என்றார்.

கேட்டது யார்! ஓடிப்போய் இலையில் சுடச்சுட இட்லி எடுத்தேன். எடுத்த கால் எங்கே போனது தெரியுமா? நேராகப் பூசையறைக்கு! இலையைப் படத்தின் முன்னால் வைத்தேன். மணியை அடித்தேன். கற்பூரம் காட்டித் திரும்பினால், வாசற்படியில் பசியோடு இவர் நிற்கிறார். மேலே பார்த்தார், அங்கே அவர். கீழே பார்த்தார், இட்லி.

"இருக்கட்டும்மா. அவரு மொதல்ல சாப்ட்டு முடிக்கட்டும். நான் அப்பால சாப்புடுறேன்."

சிரிக்காதீர்கள்! அன்று அவரும் சிரிக்கத்தான் செய்தார். ஆனால் கண் சிரிக்கவில்லை. "அந்தப் படத்தக் கழட்டிடும்மா" என்றார். என் குழந்தையைக் காப்பாற்றிய படம் என்று காய்ச்சல் கதையைச் சொன்னேன். எந்த வருடம், எந்த மாதம் என்று கேட்டார். சொன்னேன். "அந்த மாசம் நானே மஞ்சக்காமாலைல படுத்துகினு இருந்தேன்மா. எனக்கே ஒருத்தரு வாயில தண்ணி ஊத்தினாங்க. நான் எங்க உம் பொண்ணக் காப்பாத்துனேன்?"

கட்டிலில் கிடந்தவரை நான் கும்பிட, என் பெண் கட்டிலைவிட்டு எழுந்தாள். இதை எப்படி எழுதுவேன்? வரவு எனக்கு. செலவு யாருக்கு?

அன்று இட்லி சாப்பிடாமலே போய்விட்டார். அடுத்து நமக்குக் காதில் விழுந்தது என்ன? மாமல்லபுரத்துக்கு வடக்கே குப்பத்தில், மீன் விற்கும் ரெபேக்காள் வீட்டில் உட்கார்ந்து மீன் குழம்பு சாப்பிடுகிறார் என்று! மன்றமே பதறியது. "முருகனுக்கு வஞ்சிரமா!" என்று சௌந்தரவல்லி அக்கா இரண்டு நாள் பேசவில்லை. ஆமாம் அக்கா, பேசவில்லை, எல்லோருக்கும் தெரியும்.

இருந்தாலும், கடற்கரையில் கூட்டக் காட்சிக்கு ஆள் வேண்டும் என்று அவர் கேட்டபோது போனோமா, இல்லையா? போனோம்! மீனவப் பெண்களாக நடிக்க வேண்டியவர்கள் மஞ்சள் புடவையும் திருநீறுமாகப் போய் இறங்கினோம். பாத யாத்திரைக்கு வந்த கூட்டம் வழி தவறிவிட்டது என்று குப்பத்தில் மோர் கொடுத்தார்கள்.

காட்சி இதுதான். விதவை ஒருத்தியின் படகைப் பறித்துக்கொண்ட முதலாளியைப் பெண்கள் சூழ்ந்துகொண்டு திட்ட வேண்டும், மண்ணை வாரித் தூற்ற வேண்டும். முதலாளியாக நடிக்க வேண்டியவர் வரவில்லை. தயாரிப்பாளரோ, இன்றைக்கு இதை எடுக்காவிட்டால் படத்தை மூட்டைகட்டு என்று காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். வேறு வழி? இனி நடிப்பதில்லை என்று இருந்த மனிதர், பட்டு ஜிப்பாவும் தங்கச் சங்கிலியும் மாட்டிக்கொண்டு, முதலாளியாகத் தாமே வந்து நின்றார். நின்று, "ஆக்‌ஷன்!" என்றார்.

நாம் என்ன சொன்னோம்? "அரோகரா!"

மறுபடி ஆக்‌ஷன். மறுபடி அரோகரா. கை தானாகக் குவிகிறது. மண்ணை அள்ளச் சொன்னால் நெற்றியில் இட்டுக்கொள்கிறோம். பிலிம் ஓடுகிறது. பொழுது இறங்குகிறது. காரில் இருந்தவர் ஹாரனை அமுக்குகிறார். "யம்மா, திட்டுங்கம்மா! இந்தப் படம் போச்சுன்னா நான் மறுபடியும் மயிலு மேலதான் குந்தணும்! உங்களக் கும்பிட்டுக் கேக்குறேன், திட்டுங்கம்மா!" என்று கடற்கரை கேட்க அவர் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது.

அப்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள் ஒருத்தி. மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். வேடிக்கை பார்க்க வந்தவள் வேட்டையாட வந்தவளானாள்! அவள்தான் ரெபேக்காள்.

"யோவ் திருவேங்கடம்! இன்னாயா மொறைக்கிற? நேத்து எங்க வூட்டாண்ட குந்திகினு ரெண்டு தட்டு சோறு வாங்கித் துண்ணியே, அப்ப எங்க போச்சு இந்த மொறைப்பு? தட்டக் கழுவி வச்சியா நீ? தாலி அறுத்தவ படகு உனக்குக் கேக்குதா? கடல்ல எறங்கிப் பாரு, வலைல சுத்திக் கடாசிடுவோம்! போய்யா பேஜாரு!"

ஒரு பிடி மண் பறந்தது. ஜிப்பா முழுக்க மண்! அதைக் கண்டு பெண்கள் கூட்டமும் வாய் திறந்தது. சௌந்தரவல்லி அக்காவே திட்டினார். திட்டிவிட்டு உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டார். படம் பார்த்தவர்கள் ஓரத்தில் கவனித்தால் தெரியும். பெயர் சொல்லித் திட்டியதைக் குரல் சேர்க்கும்போது மாற்றிக்கொண்டார்களாம்.

"கட்!" என்றார். எங்கே கோபித்துக்கொள்வாரோ என்று பயந்தோம். அவர் மண்ணைத் தட்டவே இல்லை. கண் கலங்க, வாய் நிறையச் சிரித்தார். "இத்தினி வருசத்துல மொத தடவையா என்னை ஒருத்தரு திட்டிகீறாங்க" என்று ரெபேக்காளைக் கையெடுத்துக் கும்பிட்டார். அவள், "இன்னா அண்ணாத்த இது, சோத்துக்கு வந்துடு" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று எல்லோர் வாயும் திறந்தது. என் வாய் மட்டும் திறக்கவில்லை. கையில் அள்ளிய மண் கையிலேயே இருந்தது.

அவையோரே! அந்தப் படம்தான் இன்று ஊர் ஊராய் ஓடுகிறது. அந்தப் படத்துக்காகத்தான் இந்த விழா. அந்த விழாவுக்கு நாம் அச்சடித்த போஸ்டரில் 'இயக்குநர்' என்ற சொல்லே இல்லை! நாம் கும்பிட்டோம், அவர் பட்டினி கிடந்தார். அவள் திட்டினாள், அவர் இயக்குநரானார். பக்தி பெரிதா, மீன் குழம்பு பெரிதா? ஐயா, பாஷ்யம் ஐயா, நீங்கள் படித்தவர், சொல்லுங்கள். தலையை ஆட்டுகிறார். எந்தப் பக்கம் ஆட்டுகிறார் என்று தெரியவில்லை!

எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். என் பூசையறைப் படத்தைக் கழற்ற மாட்டேன். ஐயா இயக்குநரே, நாற்காலியைவிட்டு எழுந்திருக்காதீர்கள், முழுக்கக் கேளுங்கள்! அது எனக்கும் அந்தப் படத்துக்கும் உள்ள விவகாரம். அதில் உங்களுக்குச் சம்பந்தம் இல்லை. நீங்கள் காப்பாற்றினீர்கள் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் காப்பாற்றவில்லை என்று நீங்களும் சொல்ல வேண்டாம். காப்பாற்றியவன் யாரோ, அவனிடம் நான் பேசிக்கொள்கிறேன். அது சரியா, தவறா? தெரியாது. தெரியாமலே கும்பிடுவேன்.

அக்கா, அந்தத் தட்டைக் கொண்டுபோய்க் கோயிலில் கொடுங்கள். அங்கே இருக்கிறவன் எழுந்து போக மாட்டான். யாரது, பின்னாலிருந்து அரோகரா? சொல்லுங்கள், நன்றாகச் சொல்லுங்கள்! ஆனால் கோபுரத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

இதோ, பொன்னாடையைப் போர்த்துகிறேன். வேலழகனுக்கு அல்ல. இயக்குநர் திருவேங்கடத்துக்கு! அதுவும் பெருமாள் பெயராகப் போயிற்று, அதற்கு நான் என்ன செய்ய!

போர்த்திவிட்டேன். அன்று கடற்கரையில் என் வாயில் வராத வார்த்தை ஒன்று பாக்கி இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

"ஏன்யா திருவேங்கடம்! அன்னிக்கு இட்லி கேட்டியே, ரெண்டு நிமிசம் நிக்க மாட்டியா? கோச்சுகினு வண்டி ஏறிட்டியே, இன்னா மனுசன்யா நீ? உடம்பப் பாரு, எலும்புதான் கீது! ஒழுங்கா எங்கூட வந்து இலைல குந்து. கத்திரிக்கா சாம்பாரு வச்சிகீறேன். பாலும் பழமும் கேட்டீன்னா தெருவுல நிறுத்திடுவேன்!"

சிரிக்கிறார்! பாருங்கள், நாற்காலியில் முழுக்கச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்!

வாய்ப்பளித்த மன்றத்துக்கும், பொறுத்துக்கொண்ட தலைவருக்கும், தட்டோடு கோயிலுக்குக் கிளம்பிவிட்ட என் அக்காவுக்கும், தலையில் அடித்துக்கொண்டே கேட்ட என் மகளுக்கும், கூடையோடு வந்திருக்கும் ரெபேக்காளுக்கும் என் நன்றி. குழப்பத்தோடு ஏறினேன், பாதிக் குழப்பத்தோடு இறங்குகிறேன். மீதிப் பாதியை நீங்கள் வீட்டுக்கு எடுத்துப் போங்கள். அனைவருக்கும் வணக்கம். இலை போட்டாயிற்று.