பினாயில் வாசனை

ஐந்தாவது வரைதான் படித்தேன். கையெழுத்தும் பிழைகளும் மோசமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொரோனா இரண்டாவது முறை வந்தபோது கும்மிடிப்பூண்டி ரயிலில் கேட்டது இது. பொன்னேரியில் ஏறிய இரண்டு பெண்கள் என் எதிரில் உட்கார்ந்தார்கள். கொரோனா வார்டைத் துடைப்பவர்கள் என்று பேச்சில் தெரிந்தது.

"சூப்பர்வைசர நல்லா கேட்டுட்டேங்க்கா. பினாயில்ல தண்ணி கலந்து குடுக்கறான். வார்டு பூரா தொடச்சேன், வாசனையே வர்ல" என்றாள் சின்னவள்.

"இன்னாடி சொல்ற? எனக்கு அந்த நெடியில கண்ணே எரிஞ்சுதே."

பெரியவள் தன் பையைத் திறந்து நீட்டினாள். "மாஸ்க்க எறக்கு. இத மோந்து பாரு."

கருவாடு. மாஸ்க் போட்டிருந்த எனக்கே மூக்கைத் துளைத்தது. சின்னவள் பைக்குள் முகத்தை விட்டு இழுத்து இழுத்துப் பார்த்தாள்.

"ஒண்ணுமே தெர்லக்கா."

"ஒரே மாஸ்க்க வாரம் பூரா போட்டுக்கினு கீறோம். கொரோனா வராம இன்னா பண்ணும்?"

"காலைல பாப்பாவுக்குப் பால் குடுத்துட்டு வந்தேனேக்கா."

பெரியவள் பையைக் கட்டினாள்.

"ஊட்டுக்குப் போனா கைய நீட்டிக்கினு ஓடியாருமே. தூக்கலாமா, வேணாமா? சொல்லுக்கா."

நான் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி வேறு பெட்டியில் ஏறிக்கொண்டேன்.

எழுதியது: 12.8.2021, வியாழக்கிழமை.