ஒன்பதாவது ஒயர்

உங்கள் நாற்காலிக்கு முன்கால் ஒன்று குட்டை. நீங்கள் எழுதக் குனியும்போதெல்லாம் அது ஆடுகிறது, கூடவே உங்கள் கையெழுத்தும் ஆடுகிறது. ஒரு அட்டையை நாலாக மடித்து அடியில் செருகினால் சரியாகிவிடும். அந்த நாற்காலியில் எத்தனை அதிகாரிகள் உட்கார்ந்து எழுந்து போயிருப்பார்கள், ஒருவருக்கும் அது தோன்றவில்லை. பரவாயில்லை. எல்லாருக்கும் எல்லாம் கண்ணில் படாது. எனக்குப் படும். என் பிழைப்பே அதுதான்.

இருபத்தாறு வருஷமாகச் சிறிய விமானங்களுக்கு ஒயர் வேலை செய்கிறேன். விமான மைதானத்தில் என்னைக் 'கம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். எஞ்சின்காரர்கள் முழங்கைவரை எண்ணெயோடு நின்றுகொண்டு, தாங்கள்தான் விமானத்தைப் பறக்க வைப்பதாக நினைத்துக்கொள்வார்கள். இருக்கட்டும். எந்தப் பக்கம் பறக்கிறது என்று அதற்குத் தெரிவது என் ஒயரால்.

எங்கள் மைதானத்துக்கு வருகிறவர்கள் பெரிய விமானிகள் இல்லை. ஒரு வக்கீல், இரண்டு காண்டிராக்டர்கள், டைல்ஸ் கடை வைத்திருக்கும் ஒருவர். நாற்பது வயதுக்குமேல் திடீரென்று வானத்தின் ஞாபகம் வந்தவர்கள். கறுப்புக் கண்ணாடியை முதலில் வாங்கிவிட்டு அப்புறம் பயிற்சிக்குச் சேருவார்கள். காற்று எந்தப் பக்கம் என்று கேட்டால் போனை எடுத்துப் பார்ப்பார்கள். காற்றைக் காட்டும் துணிப்பை தலைக்குமேல் படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும்.

என் தங்கையின் கணவர் அந்தக் கூட்டத்தில் ஒருவர். பல் டாக்டர். நான் அவரை மாப்பிள்ளை என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். மரியாதைக்கு இரண்டு பக்கமும் குறைச்சல் கிடையாது. உரிமத் தேர்வில் மூன்றாவது தடவைதான் தேறினார். இரண்டாவது தடவை என்ன ஆயிற்று என்று கேட்டால், தேர்வு வைத்தவருக்கு அன்று மனசு சரியில்லை என்பார். பிறகு நாலு பேர் உட்காரும் பழைய விமானம் ஒன்றை வாங்கினார். வாங்குவதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாங்கிய பிறகு சீட் உறைக்கு என்ன நிறம் போடலாம் என்று கேட்டார்.

என் தங்கை பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளுக்கு விமானம் ஓட்டத் தெரியாது. வலது பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வழி பார்ப்பாள். அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். வரைபடத்தை மடியில் விரித்து, பென்சிலால் கோடு கிழித்து, கீழே ஆறு, ரயில் பாதை, சர்க்கரை ஆலைப் புகைக்குழாய் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டே போவாள். "இன்னும் நாலு நிமிஷத்துல அணை வரும்" என்று சொன்னால் நாலாவது நிமிஷம் அணை வரும். அந்த விமானத்தில் மூளை என்று ஒன்று இருந்தால் அது வலது பக்கம்தான் இருந்தது. ஒவ்வொரு பயணம் முடிந்ததும் அவள் நேரே என் பட்டறைக்கு வருவாள். வரைபடத்தை என் மேஜையில் விரிப்பாள். எங்கே எத்தனை வினாடி பிசகியது என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பார்ப்போம். மாப்பிள்ளை வெளியே விமானத்தின் இறக்கையில் சாய்ந்து போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார்.

அப்படி ஆறு வருஷம் போயிற்று.

ஒரு நாள் அவர் கையில் டேப்லெட்டோடு பட்டறைக்கு வந்தார். ஏதோ வீடியோவில் பார்த்திருக்கிறார்.

"ஒரு சின்ன டப்பா போட்டாப் போதுமாம் மச்சான். இதுல விரலால கோடு இழுத்தா, ஆட்டோபைலட் அந்தக் கோட்டுமேலயே கூட்டிட்டுப் போயிடுமாம். நம்ம கை காலே படவேண்டாம்."

நான் பொறுமையாகச் சொன்னேன். அந்த விமானத்தில் இருந்த ஆட்டோபைலட் பழைய காலத்து மாடு. யார் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தாலும் பின்னாலேயே போகும். இழுக்கிறவன் பாதி வழியில் கயிற்றை விட்டுவிட்டால், கடைசியாக இழுத்த திசையிலேயே நடந்துகொண்டிருக்கும். முன்னால் கிணறு இருக்கிறதா, சுவர் இருக்கிறதா என்று பார்க்காது. டேப்லெட்டோ வீட்டில் படம் பார்க்கச் செய்த சாமான். வெயில் பட்டால் சூடாகி அணைந்துவிடும். இதை மூன்று தடவை, மூன்று விதமாகச் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே டேப்லெட்டில் விரலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் மதியச் சாப்பாடு. டைல்ஸ்காரரும் மனைவியோடு வந்திருந்தார். சாப்பாட்டு மேஜையில் இந்தப் பேச்சை மாப்பிள்ளை எடுத்தார்.

"மச்சானை நம்பினா இன்னும் நட்சத்திரம் பாத்துத்தான் ஓட்டணும்" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் தங்கையைப் பார்த்தேன். அவளும் சிரித்தாள்.

"அண்ணன் அப்படித்தான். செல்போன் வந்தப்பவே ஒரு வருஷம் அதோட பேசாம இருந்தாரு" என்றாள். பிறகு என் தட்டில் சோறு வைத்துக்கொண்டே, "போட்டுக் குடுத்துடுண்ணா. எனக்கும் கழுத்து வலிக்குது, அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் மேப்பையும் தரையையும் பாத்துப் பாத்து. இனிமே நானும் எல்லாரையும் மாதிரி வேடிக்கை பாத்துட்டு வரேன்" என்றாள்.

எல்லாரையும் மாதிரி. ஆறு வருஷமாக நான் உழைத்தது அவள் எல்லாரையும் மாதிரி ஆகிவிடக் கூடாது என்பதற்காக. எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை என்பதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். சற்று ஏமாற்றம்தான். சரி, போட்டுத் தருகிறேன் என்றேன்.

வேலையைச் சுத்தமாகச் செய்தேன். நான் செய்ததில் அது ஒரு நல்ல வேலை என்றுகூடச் சொல்வேன். டேப்லெட்டிலிருந்து டப்பாவுக்குக் காற்று வழியாகச் செய்தி வரும். டப்பாவிலிருந்து ஒன்பது ஒயர்கள் போகும். எட்டு ஒயர்கள் ஆட்டோபைலட்டுக்கு. ஒன்பதாவது, விமானி முகத்துக்கு நேரே இருக்கும் சிவப்பு விளக்குக்கு. டேப்லெட் பேச்சை நிறுத்தினால் அந்த விளக்கு எரியும், கூடவே ஒரு மணி கத்தும். இனி நீயே ஓட்டிக்கொள் என்று அர்த்தம்.

எட்டு ஒயர்களை இணைத்தேன். ஒன்பதாவதின் முனைக்கு ஒரு ரப்பர் தொப்பி மாட்டி, எண் எழுதிய சீட்டைச் சுற்றி, மற்றவற்றோடு சேர்த்துக் கட்டி வைத்தேன்.

நான் எதையும் அறுக்கவில்லை. இணைக்கவில்லை, அவ்வளவுதான். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. அறுப்பது போக்கிரிகள் செய்கிற காரியம்.

விளக்குக்குப் பக்கத்தில் ஒரு சோதனைப் பொத்தான் உண்டு. அமுக்கினால் விளக்கு எரியும், மணி அடிக்கும். விளக்கும் மணியும் நன்றாக இருக்கின்றன என்பதற்குமேல் அதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது. டப்பாவோடு வந்த புத்தகத்தில் ஐந்தாம் பக்கத்திலேயே இது இருக்கிறது. மாப்பிள்ளை புத்தகத்தைப் பிரிக்கவில்லை. பொத்தானை அமுக்கிப் பார்த்துவிட்டு, "பக்கா மச்சான்" என்று என் தோளில் தட்டினார். முப்பத்திரண்டு பற்களுக்கும் தனித்தனிப் பெயர் தெரிந்த மனிதர், எதிரே இருக்கும் ஒரே ஒரு விளக்கு எதற்காக எரிகிறது என்று கேட்கவில்லை.

என் எண்ணம் இதுதான். ஒரு நாள் அது நடுவானத்தில் சத்தமில்லாமல் அவரைக் கைவிடும். இழுத்த கோட்டிலிருந்து நாற்பது மைல் தள்ளி, ஊர் தெரியாமல், கீழே பார்த்துத் திருதிருவென்று விழிப்பார். அப்போது வலது பக்கத்திலிருந்து வரைபடம் வெளியே வரும். அவரவர் இடம் அவரவருக்குத் தெரிந்துவிடும். பாடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. நாலு தடவை பறந்தார்கள், காலை வெயில் ஏறுமுன்னே திரும்பினார்கள். தங்கை பட்டறைக்கு வரவில்லை. காரிலிருந்தே கையாட்டிவிட்டுப் போவாள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாலு தடவை என்பது மட்டும் ஞாபகத்தில் இருக்கிறது. அந்த மூன்று வாரமும் விமானம் என் கொட்டகையில்தான் நின்றது. தொப்பியைக் கழற்றி அந்த ஒயரை இணைக்கப் பத்து நிமிஷம் போதும். நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

அன்று இரண்டு பேரும் கடற்கரை ஊருக்கு இரண்டு நாள் தங்கக் கிளம்பினார்கள். பதினோரு மணி, நல்ல வெயில். கிழக்கே மலைமேல் மட்டும் மேகம் பஞ்சு அடைத்த மாதிரி உட்கார்ந்திருந்தது. வழி சுலபம். அணைவரைக்கும் நேரே போய், அணைக்குமேல் இடது பக்கம் திரும்பி, மலையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். திரும்பாவிட்டால் நேரே மலை.

தங்கை விமானத்தில் ஏறினவள் திரும்ப இறங்கி என்னிடம் வந்தாள்.

"அண்ணா, டேப்லெட்டுக்கு வெயில் மறைக்கிற மூடி ஒண்ணு குடுத்தியே, அதை வீட்டிலேயே விட்டுட்டு வந்துட்டோம். நேரா வெயில் படுது. பரவாயில்லையா?"

"பரவாயில்லைம்மா" என்றேன்.

"மேப்பும் எடுத்துட்டு வரல" என்றாள், சிரித்துக்கொண்டே.

"எதுக்கு, அதான் டேப்லெட் இருக்கே" என்றேன்.

அவர்கள் போன பிறகு நான் ரேடியோ அறைக்குப் போனேன். அங்கே ஒரு ஒலிவாங்கி கரகரக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். ரேடியோவில் உட்காரும் அம்மாள் பதினெட்டு வருஷமாக அந்த நாற்காலியில் இருப்பவர். அவர் முன்னால் இருக்கும் திரையில் விமானங்கள் புள்ளிகளாக நகரும். மாப்பிள்ளையின் புள்ளி அணைக்குமேல் வந்தது. அணையைத் தாண்டியது. திரும்பவில்லை.

"இவர் ஏன் நேரா போறாரு?" என்றார் அந்த அம்மாள்.

"கொஞ்சம் சுத்திப் போறாரோ என்னவோ" என்றேன்.

அவர் ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு கூப்பிட்டு, திசை சரிதானா என்று கேட்டார். மாப்பிள்ளையின் குரல் உற்சாகமாக வந்தது.

"எல்லாம் ஓகே. டேப்லெட் திரை மட்டும் இருட்டா இருக்கு, சூடு போல. ஆனா டப்பா வேலை செய்யுது, சிவப்பு லைட் எரியலை. மேகத்துக்குள்ள இருக்கோம், ஒண்ணும் தெரியலை. ஜாலியா இருக்கு."

பின்னால் என் தங்கை ஏதோ சொல்வது கேட்டது. வார்த்தை பிடிபடவில்லை.

அந்த அம்மாள் பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீங்கதானே அதைப் போட்டுக் குடுத்தீங்க. லைட் எரியலைன்னா டப்பா சரியா வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்?"

இந்த இடத்தை நீங்கள் நிதானமாக எழுதிக்கொள்ளலாம், நான் காத்திருக்கிறேன். ஒலிவாங்கி என் கையில் இருந்தது. அதைச் சரிசெய்து முடித்திருந்தேன். அந்த வேகத்தில் மலைக்கு நாலு நிமிஷம் இருந்தது. 'இடது பக்கம் திரும்பி மேலே ஏறுங்கள்' என்று சொல்ல நாலு வினாடி போதும்.

"ஆமாம்மா. லைட் எரியலைன்னா எல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தம்" என்றேன்.

அவர் திருப்திப்பட்டு வேறொரு விமானத்துக்குப் பதில் சொல்லத் திரும்பினார். நான் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த ஆள் ஏதாவது ஒரு கணத்தில் தானாக யோசித்துக் கைப்பிடியைத் தொடுவாரா என்று பார்த்தேன். மனிதனுக்குக் கொடுக்க வேண்டிய வாய்ப்பை நான் கொடுத்தேன். புள்ளி மலைக்குள் போனது. அப்புறம் திரையில் இல்லை.

மாப்பிள்ளை அங்கேயே போய்விட்டார். தங்கையை மரங்களுக்கு நடுவிலிருந்து எடுத்தார்கள். ஐந்து வாரமாக ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். இடுப்புக்குக் கீழே இனி அசைவு வராது என்று சொல்லிவிட்டார்கள். தினமும் சாயங்காலம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.

இதெல்லாம் இருக்க, நான் ஏன் இன்று நானாகவே வந்தேன் என்று நீங்கள் யோசிக்கிறீர்கள். உங்கள் அறிக்கையைப் படித்தேன். பதினான்காம் பக்கம். 'தொழில்நுட்பப் பணியாளரின் கவனக்குறைவால் ஓர் ஒயர் விடுபட்டிருக்கலாம்.' கூடவே ஒரு போட்டோ. விட்டுப்போன ஒயருக்கு யாராவது தொப்பி மாட்டுவார்களா? எண் எழுதிக் கட்டி வைப்பார்களா? உங்கள் ஆட்கள் அதைக் கையில் பிடித்துப் படம் எடுத்திருக்கிறார்கள், அப்புறமும் 'கவனக்குறைவு' என்று எழுதியிருக்கிறார்கள். இருபத்தாறு வருஷத்தில் ஒரு ஒயரை நான் மறந்து விட்டதில்லை. அந்த வார்த்தையை அடித்துவிடுங்கள். தெரிந்துதான் விட்டேன். தெரிந்துதான் ரேடியோ அறையில் அந்தப் பொய்யைச் சொன்னேன். இரண்டு பேரும் உள்ளே இருக்கிறார்கள் என்று தெரிந்துதான்.

என் தங்கை உங்களிடம் கொடுத்த வாக்குமூலத்தையும் படித்தேன். 'அண்ணன் போட்ட ஒயரில் தப்பு இருக்காது, அங்கே தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்' என்று சொல்லியிருக்கிறாள். படுத்த படுக்கையில் இருந்தும் எவ்வளவு சரியாகச் சொல்லியிருக்கிறாள் பாருங்கள். நான் இப்போது சொன்னதை நீங்கள்தான் அவளிடம் போய்ச் சொல்ல வேண்டியிருக்கும். தயங்காமல் சொல்லுங்கள், அவள் பதற மாட்டாள். கொஞ்ச நேரம் யோசிப்பாள். பிறகு நாளைச் சாயங்காலம் நான் எத்தனை மணிக்கு வருவேன் என்று கேட்பாள்.