குத்துக்கல்லடியில் ஒரு சிட்டிகை

மூன்று மணி. ராத்திரி மூன்று இல்லை, பிற்பகல் மூன்று. மண்டையைப் பிளக்கிற வெயில். இரண்டு பக்கமும் உழுது போட்ட நிலம், நடுவில் ஒரு மண்பாதை, அதில் ஒரே ஒரு கார்... வேறு ஈ காக்கை கிடையாது.

"பட்டப்பகல்ல ஏதுக்கா பேய்?"

யாரது, கடைசிக் கட்டிலில்? கரண்ட் போய்விட்டது, பேய்க்கதை சொல்லு என்று விடுதி மொத்தமும் என் அறையில் வந்து குவிந்தது நீங்கள். நேரம் காலத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். முதலில் அந்த பிஸ்கட் பாக்கெட்டை மூடி வை. தின்றுகொண்டே கேட்கிற கதை இல்லை இது. குளியலறை ஓட்டையில் யாருடைய தலைமுடியாவது சுருண்டு கிடந்தாலே அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது, உங்களுக்கே தெரியும். அப்படிப்பட்ட நான் இதை எப்படி முழுசாகக் கேட்டேன் என்று இன்றுவரை எனக்கே புரியவில்லை.

என் தோழியின் நாத்தனாருக்கு நடந்தது. கூடவே இருந்து பார்த்தவள் தோழி. அவளுக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தால் மாமியார் வீட்டில் இன்னும் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பாள்.

அந்த நாத்தனாருக்கு மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எந்த மண்ணில் என்ன விளையும், என்ன உரம் போடணும் என்று பார்த்துச் சொல்கிற வேலை. அதனால் வீட்டில் அவளுக்குப் பெயரே மண்புழு. அவளும் சிரித்துக்கொண்டு போய்விடுவாள். கல்யாணமாகி ரொம்ப வருடம். இரண்டு முறை உண்டாகி, இரண்டும் தங்கவில்லை. இது மூன்றாவது, ஐந்தாம் மாதம். பிள்ளை நல்லபடியாகப் பிறக்கட்டும் என்று அம்மா வீட்டில் கொண்டுவந்து வைத்து, தரையில் கால் படாமல் தாங்கிக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து ஒரு பேராசிரியர் போன் பண்ணினார். ஊருக்கு வெளியே மேட்டில் குத்துக்கற்கள் நிற்கின்றன, ஆளை விட உயரமாக, இரண்டு வரிசையாக. யார் நட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதன் அடியில் தோண்டிக்கொண்டிருந்தார். மண்ணைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல மண்புழு வரவேண்டும் என்றார். இவளும் வீட்டில் அடைந்து கிடந்து சலித்துப்போயிருந்தாள். போயே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். மாமியார் என் தோழியைக் கூப்பிட்டு, "நீ கூடப் போ. அவ ஒரு கல்லைக்கூடத் தூக்கக் கூடாது. அப்புறம், அந்தக் கர்மத்த வாயில வைக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்றார்.

அந்தக் கர்மம் என்னவென்று சொல்கிறேன். மண் வேலை பார்ப்பவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து முன்பல்லுக்கு நடுவில் வைத்துக் கடிப்பார்கள். களிமண் என்றால் வழுக்கும். வண்டல் என்றால் நறநறக்கும். கண்ணுக்கும் விரலுக்கும் அகப்படாத பொடியின் வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது பல்தானாம். பார்த்துவிட்டுத் துப்பிவிடுவார்கள்... சீ! எவன் மிதித்த மண்ணோ, எந்த நாய் என்ன பண்ணிய மண்ணோ! உண்டான நாளிலிருந்து அதைத் தொடுவதில்லை என்று மண்புழு அம்மாவின் கையில் அடித்துச் சத்தியம் பண்ணியிருந்தாள்.

போய் இறங்கினார்கள். காற்றே இல்லை. பேராசிரியர் வெயிலில் கறுத்துப்போய், தலையில் ஈரத்துண்டோடு ஓடி வந்தார். நல்ல மனிதர், ஆனால் கற்களைப் பற்றி வாயைத் திறந்தால் மூடமாட்டார். "இந்த ரெண்டு வரிசையும் எங்க பார்த்து நிக்குது தெரியுமாம்மா? விதைக்கிற காலத்துல சூரியன் உதிக்கிற பக்கம். நட்டவங்க சும்மா வேட்டையாடித் திரிஞ்சவங்க இல்ல, முதமுதல்ல விதைச்சு அறுத்தவங்கன்னு நான் நெனைக்கிறேன். நெனைச்சா போதுமா? மண்ணு சொல்லணும்."

இருப்பதிலேயே பெரிய கல்லின் அடியில் இடுப்பளவு குழி. குழியின் பக்கச்சுவரில், செம்மண்ணுக்கு நடுவே, கைப்பிடி அளவுக்குக் கறுப்பாக ஒரு திட்டு.

அதிலிருந்துதான் அந்த வாடை வந்தது. தானியம் ஈரத்தில் கிடந்து புளித்துப்போனால் ஒரு வாடை வருமே... அது மட்டும் என்றால் பரவாயில்லை. அதோடு வேறொன்றும் கலந்திருந்தது. காலையில் பல் விளக்காமல் ஒருவர் நம் முகத்துக்கு நேராகப் பேசினால் எப்படி இருக்கும்? அந்த நாற்றம். மழை பெய்தே பல மாதமான காய்ந்த நிலத்தில், சூடாக, ஈரமாக.

சத்தம் வேறு. கர்ர்... கர்ர்... கொஞ்சம் நிற்கும். மறுபடி, கர்ர்... கர்ர்...

"எங்கயோ மிஷின் ஓடுது போல" என்றாள் தோழி.

"இந்தப் பக்கம் மிஷினே கிடையாதேம்மா" என்றார் பேராசிரியர், குழியை விட்டுக் கண்ணை எடுக்காமல். அவருக்கு அவர் கவலை. அந்தத் திட்டு வெள்ளம் கொண்டுவந்து போட்ட வண்டலா, மனிதன் கொண்டுவந்து வைத்த களிமண்ணா? மறுநாள் குழியை மூடியாக வேண்டும், மழை வரப்போகிறது. ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிப் பதில் வருவதற்குள் எல்லாம் மண்ணுக்குள் போய்விடும்.

மண்புழு குழியின் விளிம்பில் உட்கார்ந்து கையை நீட்டிக் கொஞ்சம் கிள்ளி எடுத்தாள். விரலில் தேய்த்தாள். முகர்ந்தாள். புருவத்தைச் சுருக்கினாள். தோழி அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தலையைத் திருப்பியது ஒரு நொடிதான். திரும்பினால், மண்புழுவின் விரல் உதட்டில் இருக்கிறது. வருடக்கணக்கான பழக்கம் பாருங்கள், சத்தியமெல்லாம் கைக்குத்தான், வாய்க்கு அது தெரியவில்லை.

அவள் பல்லில் மண் கடிபட்டது. அந்தச் சத்தம் நின்றுபோனது.

"துப்புடி! துப்பு!"

"துப்பிட்டேனே, அண்ணி."

துப்பவில்லை. தொண்டை ஏறி இறங்கியதைத் தோழி பார்த்தாள்.

மண்புழு நாக்கால் பல்லைத் துழாவிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "களியும் இல்ல, வண்டலும் இல்ல சார். இது மாவு. யாரோ அரைச்ச மாவு."

பேராசிரியர் குதிக்காத குறை. "மாவா! அப்ப வெள்ளாமை பண்ணியிருக்காங்க! நான் சொன்னேன்ல!" என்று குழிக்குள் இறங்கி, அவள் கிள்ளிய இடத்தைச் சுற்றித் தூரிகையால் தட்டினார். மண் உதிர்ந்தது. கீழே ஓர் எலும்பு வளைவு தெரிந்தது. மேலேயும் ஒன்று.

பேராசிரியர் கை நின்றுவிட்டது. அது மண்திட்டு இல்லை. வாய். அண்ணாந்து பிளந்த வாய். செத்தவர் வாயில் மாவைக் குழைத்துத் திணித்து, மேலே கல்லை நட்டிருக்கிறார்கள். அந்த வாய்க்குள் எத்தனையோ ஆயிரம் வருடம் கிடந்ததைத்தான் இவள் கிள்ளித் தின்றிருக்கிறாள்.

ஐயே... அந்தத் தண்ணீர் பாட்டிலை இப்படிக் கொடு. எச்சில் படுத்தவில்லையே யாரும்?

தோழி அங்கேயே, ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள். பேராசிரியரே முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். உண்டான பொம்பளை, காலையில் காபி வாடைக்கே ஓடுகிறவள், மண்புழுவுக்குக் குமட்டவே இல்லை. மிச்சத்தையெல்லாம் கரண்டியால் சுரண்டிச் சுரண்டி, மாதிரி எடுக்கிற பிளாஸ்டிக் பைகளில் போட்டுக் கட்டினாள். "லேபுக்கு வேணும், அண்ணி" என்றாள். வழி முழுக்க அந்தப் பைகளை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு பிடிக்கவில்லை. ரொட்டி வேண்டாம், பழம் வேண்டாம், பால் வேண்டாம். அம்மா கெஞ்சினால் தட்டை ஒதுக்கிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். முகம் வற்றிப்போனது. ஆனால் வயிறு மட்டும் விறுவிறுவென்று வளர்ந்தது. மசக்கை, தானாகச் சரியாகும் என்றார்கள்.

ஒரு மத்தியானம் தோழி துணி மடிக்கப் போனாள். சாத்திய கதவுக்கு உள்ளேயிருந்து... கர்ர்... கர்ர்...

தள்ளித் திறந்தாள். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில், தரையில் குந்தியிருந்தாள் மண்புழு. கையில் அந்தப் பிளாஸ்டிக் பை, உள்பக்கம் வெளியே வரப் புரட்டியிருந்தாள். அதன் மூலையை நாக்கால் நக்கி, நக்கியதை மென்று, மறுபடி நக்கி... ஈறெல்லாம் கறுப்பு. மோவாயில் கறுப்பாகக் கொழகொழவென்று எச்சில் வழிந்து வயிற்றின் மேல் சொட்டியிருந்தது. சுற்றிலும் காலிப் பைகள். லேபுக்கு ஒன்றுகூடப் போகவில்லை. அந்த அறை முழுக்க யாரோ வாயைத் திறந்து மூச்சு விடுகிற நாற்றம்.

"அடிப்பாவி! என்னடி பண்றே? வயித்துல புள்ளையை வச்சுக்கிட்டு!"

மண்புழு மெல்வதை நிறுத்தவில்லை. கண்ணில் மட்டும் தண்ணீர் கொட்டியது. "நான் திங்கலை, அண்ணி. எனக்குக் குமட்டிக்கிட்டு வருது. உள்ள இருக்கிறது கேக்குது."

"புள்ளையா?"

"புள்ள தூங்குது, அண்ணி. இது வேற."

தோழி ஒரே ஒரு பை மிச்சமிருந்ததைப் பிடுங்கினாள். மண்புழு கடிக்க வந்தாள், ஆமாம், சொந்த அண்ணியை! மாமியாரைக் காவலுக்கு வைத்துவிட்டு, யாரிடமும் கேட்காமல் தோழி காரை எடுத்துக்கொண்டு அந்த மேட்டுக்குப் போனாள். குழியை மூடி மட்டம் தட்டியிருந்தார்கள். பெரிய கல்லின் அடியில் கையாலேயே தோண்டிப் பையைக் கவிழ்த்தாள். மண்ணைத் தள்ளி மூடினாள். மூடிய மண்ணின் மேல் உள்ளங்கையை அழுத்தினால், கீழே அசைகிறது. கர்ர்... கர்ர்... மெல்லுகிற தாடை மேல் கையை வைத்த மாதிரி.

எனக்கென்றால் உயிரே போயிருக்கும். அவள் கையை எடுக்கவில்லை. அழுதுகொண்டே சொன்னாளாம். "உன் சாப்பாட்ட உனக்கே குடுத்துட்டேன். தெரியாம பண்ணிட்டா. எங்க புள்ளைய விட்டுடு. ரெண்டு போயிடுச்சு, இதையாவது விட்டுடு."

அசைவு நின்றது. தோழி நெடுநேரம் காத்திருந்தாள். அசைவு திரும்ப வரவில்லை.

அந்தக் கையின் வாடை எந்த சோப்புக்கும் போகவில்லை என்றாள். அதைச் சொல்லிக்கொண்டே எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தாள். நட்பு நட்புதான், ஆனால் நான் அந்த டீயைத் தொடவில்லை.

வீட்டுக்கு வந்தால், மண்புழு வாயைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "அண்ணி, பசிக்குது. என்ன இருக்கு?" இரண்டு தட்டுச் சாப்பாட்டை நம்மைப் போலச் சாப்பிட்டாள். அப்புறம் ஒரு குறையும் இல்லை. முகம் தெளிந்தது. வயிறும் மாதத்துக்குத் தக்கபடி ஆனது. ஸ்கேன் எடுத்த இடத்திலெல்லாம் குழந்தை நன்றாக இருக்கிறது என்றார்கள். மண்ணென்றாலே இப்போது அவளுக்குக் குமட்டியது. வேலையை மாற்றிக் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டாள். வீட்டில் மறுபடி சிரிப்புச் சத்தம் கேட்டது.

"அப்பாடா" என்று யாரோ பெருமூச்சு விடுகிறீர்கள். விடுங்கள், விடுங்கள். அவர்களும் அப்படித்தான் விட்டார்கள்.

மாதம் நிறைந்து, ஒரு காலையில் பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை, நல்ல நிறம், கட்டடமே அதிர்கிற அழுகை. மண்புழுவின் அண்ணன், அதாவது என் தோழியின் புருஷன், நடைபாதையில் நின்று குழந்தை மாதிரி அழுதான். மண்புழு மயக்கத்தில் சிரித்துக்கொண்டு படுத்திருந்தாள். மூன்றாவது தங்கிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா தோழியை மட்டும் உள்ளே கூப்பிட்டார். "பயப்படாதீங்க. சில பிள்ளைங்க பல்லோட பிறக்கும், சகஜம்தான். கீழ ஒண்ணு இருக்கு, ஆடுது. பால் குடிக்கும்போது விழுங்கிடக் கூடாது பாருங்க, அதான் எடுத்துட்டேன்."

ஒரு சின்ன ஸ்டீல் தட்டில், பஞ்சின் மேல் வைத்திருந்தார்.

"பால்பல்லு வெள்ளையாதானே டாக்டர் இருக்கும்?" என்றாள் தோழி.

டாக்டரம்மா அப்போதுதான் சரியாகப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இடுக்கியால் பல்லை வெளிச்சத்தில் திருப்பினார். மஞ்சள். மேல்பக்கம் தேய்ந்து தேய்ந்து தட்டையாகியிருந்தது, ஆயுசு முழுக்கக் கல்லும் மண்ணுமாக மென்ற கிழவியின் பல் போல. பக்கவாட்டில் ஒரு குழி. சொத்தை. நர்ஸ் ஓர் ஊசியை எடுத்து அந்தக் குழிக்குள் விட்டுக் கிளறினாள்.

குழந்தை பிறந்து அரை மணிகூட ஆகவில்லை. வாயில் இன்னும் ஒரு சொட்டுப் பால்கூடப் படவில்லை. ஊசி நுனியில், ஈரமாக, மென்ற சாப்பாடு ஒட்டிக்கொண்டு வந்தது.