வீட்டு வண்டியில் பால் காய்ச்சியது பற்றி ஷியாமளா சொன்னது

என் பெயர் ஷியாமளா. வயது இருபத்தொன்பது. கணவர் பெயர் கல்யாணசுந்தரம், கட்டடக் கம்பெனியில் டிராப்ட்ஸ்மேன். சொந்த ஊர் திருச்சி, உறையூர். தற்போது துபாய் சத்வாவில் தையற்கடைக்குப் பின்னால் உள்ள ஒற்றை அறையில் கணவருடனும் மகள் பத்மாவுடனும் குடியிருக்கிறேன். எனக்கு அரபி தெரியாது. நான் தமிழில் சொல்வதை மொழிபெயர்ப்பாளர் கார்மேகம் எழுதிக்கொள்கிறார். சொல்லாததைச் சேர்க்க வேண்டாம், சொன்னதை மெழுகவும் வேண்டாம் என்று அவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

என்னைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு யாரும் அழைக்கவில்லை. 10.12.1976 வெள்ளிக்கிழமை அல் கூஸில் உள்ள பழைய வண்டி யார்டில் ஒரு வண்டி தீப்பிடித்த விஷயமாக வாட்ச்மேன் அழகுமலையைப் பிடித்து வைத்திருப்பதால் நானாக வந்தேன். அவர் தீ வைக்கவில்லை. அந்தத் தீ நான் அடுப்பு பற்றவைத்ததால் பிடித்தது.

நாங்கள் இருக்கும் அறையை இடித்துப் புதுக் கட்டடம் கட்டப்போகிறார்கள். எங்களால் முடிகிற வாடகைக்கு வேறு அறை கிடைக்கவில்லை. வீடு இல்லாவிட்டால் நானும் மகளும் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். அப்போது என் கணவர், சமையலறையும் படுக்கையும் உள்ளேயே அமைந்த வெள்ளைக்கார வீட்டு வண்டி ஒன்று விலைக்கு வருகிறது, கம்பெனி கேம்ப்பின் பின்பக்கம் நிறுத்திக்கொள்ள அனுமதியும் உண்டு என்றார். வீட்டுக்குச் சக்கரம் எதற்கு என்று நான் கேலி செய்தேன். ஆனாலும் அன்று இரவு எனக்குச் சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை.

அதன் பிறகு வெள்ளிக்கிழமை காலை மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வண்டியைப் பார்க்கப் போனோம். யார்டு மேனேஜர் தியாகு, மதராஸ்காரர், வண்டியின் கதையை மறைக்காமல் சொன்னார். மழைவெள்ளத்தில் வாதி என்கிற ஒரு வறண்ட ஆற்றுப் பள்ளத்தில் உருண்டதால் இனி உதவாது என்று இன்சூரன்ஸ்காரர்கள் கழித்துவிட்ட வண்டி, பத்திரத்திலேயே அந்த முத்திரை இருக்கிறது, யார்டில் தட்டிச் சரிசெய்து பெயின்ட் அடித்திருக்கிறோம் என்றார். எங்கெங்கே அடி என்று கேட்டதற்குப் பக்கத்துத் தகரம் மட்டும்தான் என்றார்.

என் கணவர் எஞ்சினை ஓடவிட்டுக் கேட்டார், டயர்களை உதைத்துப் பார்த்தார், கட்டிலில் படுத்துப் பார்த்ததில் கால் வெளியே நீட்டிக்கொண்டது. வண்டிக்கு அடியிலும் பாருங்கள் என்றேன். வெள்ளைச் சட்டை அழுக்காகிவிடும் என்று குனிந்து எட்டிப் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டார். நான் அலமாரிகளைத் திறந்து பார்த்தேன். ஒன்றில் வெள்ளத்து மண் இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது. கதவைத் தூக்கிப் பிடித்தால்தான் சாத்த முடிந்தது. அடுப்புக்குக் கீழே மட்டும் பலகை புதிது. இவ்வளவும் கண்ணில் பட்டும் எனக்கு வண்டி பிடித்துப்போயிற்று. ஜன்னலுக்கு என்ன துணி தைப்பது என்பது வரை யோசித்துவிட்டேன்.

அதன் பிறகு தியாகுவும் என் கணவரும் பேசி முடிக்க ஆபீஸ் ஷெட்டுக்குப் போனார்கள். நான் பையிலிருந்து பாத்திரம், டின் பால், சர்க்கரை, தீப்பெட்டி ஆகியவற்றை வெளியே எடுத்தேன். வீட்டை விட்டுக் கிளம்பும்போதே பையைப் பார்த்து, “பார்க்கப் போறோமா, குடி போறோமா?” என்று என் கணவர் கேட்டிருந்தார்.

வாங்காத வண்டியில் பால் காய்ச்ச என்ன அவசரம் என்று அதிகாரி கேட்கிறார். இந்த வாரம் மார்கழி பிறக்கிறது. மார்கழியில் நாங்கள் புது வீடு புகமாட்டோம். தை பிறக்கும் வரை காத்திருந்தால் எங்கள் அறை தரைமட்டமாகியிருக்கும். அதனால் அன்றைக்கே பால் காய்ச்சிவிட்டால் குடி புகுந்த கணக்காகிவிடும், சாமான்களை எப்போது வேண்டுமானாலும் கொண்டுவரலாம் என்று நினைத்தேன். இதை அரபியில் விளக்க கார்மேகத்துக்கு வெகுநேரம் ஆயிற்று.

வாட்ச்மேன் அழகுமலை வாசற்படியில் நின்றிருந்தார். சிவகங்கைப் பக்கம், என்னைவிடச் சிறியவர். நான் சிலிண்டரைத் திறக்கப் போனதும், “அக்கா, அடுப்பத் தொடாதீக. அடியில கேஸ் குழா நசுங்கிக் கெடக்கு, துணியச் சுத்திப் பெயின்ட் அடிச்சு வச்சிருக்காக” என்றார். ஒரு கொதி வந்ததும் அணைத்துவிடுகிறேன் தம்பி என்று சொல்லி நானேதான் திறந்தேன், நானேதான் பற்றவைத்தேன். அவர் சொன்னது காதில் விழவில்லை என்று சொல்லமாட்டேன். நன்றாக விழுந்தது.

பால் பொங்குவதற்குள் புதுப் பலகையின் இடுக்கிலிருந்து தீ மேலே வந்தது. என் புடவைத் தலைப்பு பற்றிக்கொண்டது. அழகுமலை என் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டு, தலைப்பை மிதித்து அணைத்தார். அதன் பிறகு திரும்பவும் உள்ளே போய், சுட்டுக்கொண்டிருந்த சிலிண்டர் திருகை வெறுங்கையால் மூடினார். பிறகு மண்ணை அள்ளிக் கொட்டித் தீயை அணைத்தார். எனக்கு வலது மணிக்கட்டில் மட்டும் காயம். அவருக்கு இரண்டு உள்ளங்கையிலும் தோல் இல்லை.

போலீஸ் வந்ததும், வாட்ச்மேன் பீடி குடித்துத்தான் தீப்பிடித்தது என்று தியாகு சொன்னார். தியாகுவை நான் வெறுக்கவில்லை. குழாய் விஷயம் வெளியே வந்தால் விசா கொடுத்த அரபி முதலாளியான கஃபீல் அவரை அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார். அதன் பிறகு என் கணவரைக் கேட்டார்கள். நானும் என் மனைவியும் வெளியே நின்றிருந்தோம், எதுவும் தெரியாது என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கு ஆங்கிலம் புரியும். எரிந்த தலைப்பைச் சுருட்டிக் காயத்தை மறைத்துக்கொண்டு பக்கத்திலேயே வாயைத் திறக்காமல் நின்றேன்.

அழகுமலை என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு போலீஸிடம் “மாலும் நஹி”, தெரியாது என்று இந்தியில் சொல்லிவிட்டார். ஜீப்பில் ஏறும்போது ஏன் தம்பி சொல்லவில்லை என்று கேட்டேன்.

“பொம்பளப்புள்ளய டேசனுக்கு இழுக்கவாக்கா? எனக்கு ஒண்ணும் ஆகாது, நீங்க வீட்டுக்குப் போங்க” என்றார்.

நேற்று அவருடைய கேம்ப்பில் விசாரித்தபோது, ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று சொன்னார்கள்.

உன் கணவர் வேறு மாதிரி சொல்லியிருக்கிறாரே என்று அதிகாரி கேட்கிறார். ஆமாம். அவர் சொன்னது உண்மையில்லை. வேலை போய்விடும், என்னை உள்ளே வைத்துவிடுவார்கள் என்று பயந்து சொன்னது. வெள்ளிக்கிழமையிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நாங்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவும் இல்லை. இன்று காலை நான் ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்றேன். போகாதே என்று சொல்லுவார் என்று சண்டைக்குத் தயாராக நின்றேன். “இரு, நானும் வரேன்” என்று சட்டையை மாட்டிக்கொண்டார். இப்போது வெளி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அடுத்து, தான் முன்பு சொன்னதைத் திருத்திச் சொல்லப்போகிறார்.

மேலே எழுதியதைக் கார்மேகம் எனக்கு வரி வரியாகப் படித்துக் காட்டினார். எல்லாம் நடந்தது நடந்தபடி. யாரும் மிரட்டியோ சொல்லிக்கொடுத்தோ நான் பேசவில்லை. அழகுமலையை விடுவதற்கு அவர் இடத்தில் ஒருவர் உள்ளே இருந்தாக வேண்டும் என்றால் நான் இருக்கிறேன். அடுத்து வரும் என் கணவரும் தன்னை வைக்கும்படிதான் கேட்பார். நான் முந்திக்கொண்டேன் என்று எழுதிக்கொள்ளவும்.

(ஒப்பம், இடது கையால்)
க. ஷியாமளா
13.12.1976