தனியாகக் கேட்காத கேள்வி

டீ வேண்டாம் மேடம், நீங்கள் குடியுங்கள். எனக்குப் பகலில் எதுவும் குடித்துப் பழக்கமில்லை. உப்பளத்து வேலைக்குப் போன பெண்கள் எல்லாரும் இப்படித்தான். அங்கே ஒதுங்க இடம் கிடையாது. கண்ணுக்கெட்டிய மட்டும் பாத்தியும் வெயிலும்தான். மறைவுக்கு ஒரு உடைமரம்கூட இருக்காது. அதனால் விடியும் முன் வீட்டில் கொஞ்சம், வேலை முடிந்து வந்து கொஞ்சம். நடுவில் நாக்கு ஒட்டிக்கொண்டால் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிடுவோம். உடம்பு எதற்கும் பழகும்.

நீங்கள் எழுதிக்கொண்டே வாருங்கள், நான் மெதுவாகச் சொல்கிறேன். என்னை யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை, நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். மில்லர்புரம் ஜீவமணி சாரை அடக்கம் செய்த அன்று அவர் மகள் ஜெயஷீலா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "யக்கா, பெத்த மக நான் செய்யாதத நீங்க செஞ்சிய" என்று அழுதது. செய்தது நான்தான். ஆனால் அந்தப் பிள்ளை நினைக்கிறதை இல்லை. நான் சொல்லாமல் விட்டால் அது ஒரு வயசாளியின் வெறும் சாவாகப் போய்விடும். அதற்காகவா நான் அவ்வளவு பாடுபட்டேன்.

முதலில் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் பேச்சிமுத்து. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். லாரி உச்சியிலிருந்து மூட்டையோடு விழுந்ததில் கழுத்தெலும்பு முறிந்து கை, கால் இரண்டும் போயிற்று. வாய் மட்டும் மிச்சம். முத்தையாபுரத்தில் எங்களுக்கு ஒற்றை அறை வீடு. படுத்த படுக்கையாகக் கிடக்கிற ஏழைகளுக்கு ஓர் அறக்கட்டளை இலவசமாக வீட்டுக்கே ஆள் அனுப்பிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுக்குப் பொன்செல்வி என்ற பிள்ளை வரும். காலையில் வந்து உடம்பைத் துடைத்து, துணி மாற்றி, புண் வராமல் புரட்டிப் போட்டு, கஞ்சி ஊட்டிவிட்டுப் போகும். கெட்டிக்காரப் பிள்ளை. அதை நான் குறை சொன்னதே இல்லை.

நோயாளிக்கு எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா, வீட்டில் அவர் பத்திரமாக இருக்கிறாரா என்று பார்க்க மாதாமாதம் ஒருவர் வருவார். அவர்தான் ஜீவமணி சார். நாசரேத் பக்கத்து ஆள். வெள்ளைச் சட்டை, தணிந்த பேச்சு. கட்டிலை அசைத்துப் பார்ப்பார். மாத்திரை டப்பாவைத் திறந்து பார்ப்பார். வயர் தொங்கினால் தூக்கிக் கட்டச் சொல்வார். முதுகைத் திருப்பிப் புண் இருக்கிறதா என்று பார்ப்பார். ஒன்றையும் விடமாட்டார். எல்லாம் முடிந்து, கடைசியில்தான் வீட்டுக்காரரிடம் குனிவார்.

"என்ன பேச்சிமுத்து, நல்லா பாத்துக்கிடுதாங்களா? சாப்பாடு தண்ணிக்கெல்லாம் கொறையில்லையே?"

இவர் தலைமாட்டுப் பக்கம் கண்ணை உயர்த்தி ஒரு பார்வை பார்ப்பார். பிறகு, குறை இல்லை என்று தலையசைப்பார்.

"அப்பம் சந்தோசம்" என்று சார் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

நீங்களே சொல்லுங்கள். தலைமாட்டில் ஆள் நிற்கிறது. அந்த ஆளை நிறுத்தி வைத்துக்கொண்டே கேட்டால் கிடக்கிறவன் என்ன சொல்வான்? சார் போன பிறகும் அந்தக் கையைத்தானே அவன் எதிர்பார்த்துக் கிடக்க வேண்டும்.

அந்தச் சித்திரையில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. மூத்திரம் காப்பி நிறத்தில் போனது, பிறகு போகவே இல்லை. ஆஸ்பத்திரியில் சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டது என்றார்கள். சின்ன வயசு டாக்டர் ஒருவர் என்னைப் பார்த்து, "இவரு தண்ணியே குடிக்க மாட்டாராம்மா?" என்று கேட்டார். நான் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். மறுநாள் வீட்டுக்காரர் போய்விட்டார்.

அப்போது எனக்கு யார் மேலும் கோபமில்லை. அலுப்புதான் இருந்தது. படுத்தால் எழுந்திருக்க முடியாத அலுப்பு.

மறுபடி உப்பளத்தில் இறங்கக் கால் கேட்கவில்லை. மாலை வகுப்பில் சேர்ந்து எழுத்துப் படித்தேன். மண்வெட்டி பிடித்த கைக்குப் பென்சில் நிற்காது. முனை ஒடிந்துகொண்டே இருக்கும். எப்படியோ மாத்திரை அட்டையில் இருக்கிற பெயரைக் கூட்டி வாசிக்கிற அளவுக்கு வந்ததும், வீடுகளுக்கு ஆள் அனுப்புகிற கம்பெனி ஒன்றில் பயிற்சிக்குச் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே பாடம் நடத்திய அம்மா ஒருநாள் சொன்னார்: "ஆய்வுக்கு வாறவங்க நோயாளிகிட்ட தனியாத்தான் கேக்கணும். பாத்துக்கிடுத ஆளு பக்கத்துல நின்னா பயந்து உண்மையச் சொல்ல மாட்டாங்க. இது எல்லா ஆய்வாளருக்கும் மொதல்ல சொல்லிக்குடுக்கதுதான்."

மற்றவர்கள் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். அப்படியானால் ஜீவமணி சாருக்கு அது தெரியும். தெரிந்தே தலைமாட்டில் ஆளை வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறார். யார் மேல் கோபப்படுவது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. தெரிந்ததும் உடம்புக்கே ஒரு தெம்பு வந்தது மேடம். அலுப்புப் போன இடம் தெரியவில்லை.

சார் ஓய்வுபெற்று, வாதம் அடித்துக் கிடக்கிறார் என்ற செய்தி கம்பெனிக்கு வந்தபோது அந்த வீட்டை நானே கேட்டு வாங்கினேன். கனத்த உடம்பு, தூக்கிப் புரட்ட முடியாது என்று மற்ற பிள்ளைகள் தயங்கினார்கள். "நான் மூட்டை தூக்குனவரு பொண்டாட்டிளா, தூக்கிருவேன்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

சாரின் மனைவி முன்பே போய்விட்டார். மகள் பெங்களூரில். சாருக்கு வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் இல்லை. புத்தி தெளிவாக இருந்தது. கேட்டால் ஆமாம், இல்லை என்று தலையசைப்பார். முதல் நாளே, "சார், என்னத் தெரியுதா? முத்தையாபுரம் பேச்சிமுத்து பொண்டாட்டி" என்றேன். தெரியவில்லை. எத்தனையோ வீடு ஏறி இறங்கியவர். அதனால் தினமும் முகம் மழித்துவிடும்போது கொஞ்சம் கொஞ்சமாக நினைவுபடுத்தினேன். அந்தக் கட்டில், அந்தக் கேள்வி, அந்தத் தலையசைப்பு. கத்தி கையில் இருந்தாலும் ஒரு கீறல் விழுந்ததில்லை.

அவரை நான் அடித்ததில்லை, வைததில்லை. தினமும் குளிப்பாட்டிப் பவுடர் போட்டேன். வேளை தவறாமல் மாத்திரை கொடுத்தேன். பொழுது சாய்ந்ததும் அவருடைய வேதப்புத்தகத்தை எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டினேன். தண்ணீர் மட்டும் என் அளவுக்குக் கொடுத்தேன்.

கட்டிலுக்கு எதிரே மகள் கேமரா வைத்திருந்தது. கேமராவில் டம்ளர் தெரியும், டம்ளருக்குள் இருப்பது தெரியாது. நான் டம்ளரோடு அடிக்கடி போவேன். ஸ்பூன் நுனி நனையும், உதடு நனையும், டவலால் துடைத்துவிடுவேன்.

"யக்கா, அப்பா தண்ணி குடிச்சாவளா?" என்று போனில் கேட்கும்.

"இப்பதானம்மா குடுத்தேன், நீங்களும் பாத்தியள்லா" என்பேன்.

கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சினேன். வீட்டுக்குள் ஏசி ஓடியதால் உப்பளத்தைவிட மெதுவாகத்தான் வேலை நடந்தது. எனக்கு அவசரம் இல்லை.

கம்பெனியிலிருந்து ஆய்வுக்கு ஒரு பெண் வந்தாள். பெயர் ஜெப்ஸி. சின்னப் பெண், கலகலவென்று பேசுவாள். குளியலறையில் கைப்பிடி உறுதியாக இருக்கிறதா என்று தொங்கிப் பார்த்தாள். மாத்திரைகளில் தேதி பார்த்தாள். சாரின் முதுகைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "யக்கா, இப்பிடி ஒரு முதுக நான் எந்த வீட்லயும் பாக்கல. பச்சப்புள்ள முதுகு கெணக்கா வச்சிருக்கிய" என்றாள். நாக்கைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

கடைசியில் குனிந்து கேட்டாள்.

"தாத்தா, இந்த அக்கா ஒங்கள நல்லா பாக்காவளா? தண்ணியெல்லாம் நெறைய குடுக்காவளா?"

நான் தலைமாட்டில் நின்றேன். அப்போது ஒன்று செய்தேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். "நான் வேணா வெளிய நிக்கட்டாம்மா? நீங்க தனியா கேட்டுக்கிடுங்க" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். அவள் சரி என்று சொல்லியிருந்தால் போயிருப்பேன். சாரின் கண் கதவுப் பக்கம் ஓடியது. நான் வெளியே போவேனா என்று அந்தக் கண் கெஞ்சியதைப் பார்த்தேன்.

ஜெப்ஸி சிரித்துவிட்டாள். "போங்கக்கா, வெளிய அனுப்பிட்டுக் கேக்க நீங்க என்ன களவாணியா?"

சார் கண்ணை உயர்த்தி என்னைப் பார்த்தார். நான் தலையணையின் ஓரத்தை நீவிச் சரிசெய்தேன், வேறொன்றும் செய்யவில்லை. அவர் மெல்லத் தலையசைத்தார். நன்றாகப் பார்க்கிறாள், குறை ஒன்றும் இல்லை என்று.

அவள் வண்டியை எடுத்துக்கொண்டு போனதும் அவர் காதருகே, "பாத்தியளா சார், தல எவ்வளவு லேசா ஆடுது" என்றேன். கண்ணோரம் ஒரு துளி இறங்கியது. அவ்வளவு வறண்ட உடம்பில் இன்னும் நீர் இருக்கிறதே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. துடைத்துவிட்டேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது, அதோடு நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்துப் பார்த்தேன். மறுநாளிலிருந்து ஸ்பூனையும் குறைத்தேன். பிறகு காய்ச்சல் வந்தது, நினைவு தப்பியது. வந்து பார்த்த டாக்டர் வயசையும் வாதத்தையும் சாவுக்குக் காரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். கம்பெனியில் மாலை வாங்கி வைத்துவிட்டு, என்னை வேறு ஒரு நல்ல வீட்டுக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். ஜீவமணி சாரைத் தாகத்திலேயே வைத்துச் சாகவிட்டது நான். தெரிந்து, திட்டம் போட்டு, நிதானமாகச் செய்தேன். இதில் எனக்கு வருத்தம் இல்லை.

பேனாவை வைத்துவிட்டு ஒன்று கேட்கிறீர்கள். உன் புருசனைத் தண்ணீர் இல்லாமல் போட்டது அந்தப் பொன்செல்வியா, அவளையும் கூப்பிட்டு விசாரிக்க வேண்டுமா என்று.

வேண்டாம் மேடம், அது பாவம். சார் வந்ததெல்லாம் சாயங்காலம், நான் வேலை முடிந்து வந்த பிறகுதான். பொன்செல்வி காலையிலேயே போய்விடும். "யக்கா, அண்ணாச்சிக்கு அடிக்கடி தண்ணி குடுக்கணும்" என்றுதான் அது சொன்னது. "நீ ஒண்ணும் குடுக்காத, நான் வந்து குடுத்துக்கிடுதேன்" என்று நான்தான் தடுத்துவைத்தேன். குடித்தால் துணி நனையும். உப்பு தின்ற காலோடு வந்து அதை அலச எனக்குத் தெம்பு கிடையாது. வெயிலில் நிற்கிற எனக்கே ஒரு வாய் போதும் என்றால், நிழலில் கிடக்கிறவருக்கு அதற்கு மேல் எதற்கு? "ஏளா, ஒரு மடக்கு" என்பார். "பொறவு பாப்போம்" என்பேன். கொஞ்ச நாளில் கேட்பதை விட்டுவிட்டார். பழகிவிட்டது என்று நினைத்தேன்.

தலைமாட்டில் நின்றது நான்தான். பெண்டாட்டி நிற்காமல் வேறு யார் நிற்பார்கள்? சார் மட்டும் அன்றைக்கு என்னைக் கொஞ்சம் வெளியே போகச் சொல்லியிருந்தால், என் வீட்டுக்காரர் இன்றைக்கும் இருந்திருப்பார்.