கிணற்றுத் தண்ணீர் ஊற்றிய பற்றரி

மாங்குளத்தில், பற்றரி சார்ஜ் செய்யும் கடையில் எனக்கு முன்னால் கணவனும் மனைவியுமாக இருவர் நின்றார்கள்.

“நாங்களே குடிக்காத தண்ணியை இதுக்குள்ள ஏன் ஊத்தினனீங்கள்?” என்றார் மனைவி.

“பற்றரித் தண்ணி முடிஞ்சு போச்சு. கிணத்துத் தண்ணிதானே எண்டு ஊத்திப்போட்டன்.”

“கொதிக்க வைக்கேக்க கேத்திலுக்குள்ள கல்லாப் படியிற தண்ணி அது!”

கடைக்காரர் மீற்றரைப் பார்த்தார். “அண்ணை, இதில இனிச் சார்ஜ் நிக்காது. புதுசு நாளைக்குத்தான் வரும்.”

“அப்ப இண்டைக்கு நீங்கள் படுக்கிற உழவு மெசின் பெட்டிக்கு லைற் இல்லை,” என்றார் மனைவி. “ யானை வந்தா? வயலில காவலுக்குப் படுக்கப் போகாதேங்கோ.”

“போகாட்டி வெட்டுறதுக்கு நெல்லு மிஞ்சாது.”

“அப்ப நானும் வாறன்.”

“உம்மைக் கண்டு யானை ஓடுமோ?”

“ஓடாது. வீட்டில தனியக் கிடந்து பயப்பட என்னால ஏலாது.”